முத்திருளாயியின் லேசான கசிவு

செவல்குடியில் குழாயில் தண்ணீர் வந்து பதினோரு நாள் ஆகியிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூடத்துச் சத்துணவு அடுப்பில் நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குச் சோறு பொங்குகிற முத்திருளாயி, மாவட்ட ஆஸ்பத்திரியின் குளிர்ந்த அறையொன்றில் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, நாற்பத்தாறு வருஷமாகத் தன் நெஞ்சுக்குள் தானுண்டு தன் வேலையுண்டு என்று கிடந்த இதயத்தை முதன்முதலாக ஒரு திரையில் பார்த்தாள். போன வாரம் பள்ளிக்கூடத்தில் நடந்த மருத்துவ முகாமில், இருமலுக்கு மருந்து கேட்கப் போனவளின் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்த சின்ன டாக்டர், துடிப்போடு சேர்ந்து உஷ் என்று ஒரு சத்தம் வருகிறதே என்று எழுதிக்கொடுத்த சீட்டுதான் அவளை அங்கே கொண்டுவந்து சேர்த்திருந்தது. அவள் தலைமாட்டில், சட்டைப்பையில் வால்வு திறக்கிற சாவியின் துரு படிந்த கறையோடு, அவள் புருஷன் கோட்டைச்சாமி நின்றான். செவல்குடி ஊராட்சியின் தண்ணீர்த் தொட்டிக்கு ஆபரேட்டர் அவன்தான். தண்ணீர் வராத ஊரில் தண்ணீர் திறந்துவிடுகிறவன் எவ்வளவு ஏச்சு வாங்குவானோ அவ்வளவையும் இருபத்திரண்டு வருஷமாக வாங்கிக்கொண்டிருந்தான். பிள்ளை இல்லை, அவனுக்கு அவள், அவளுக்கு அவன்.

எக்கோ எடுத்த டாக்டர் சபுரா பொறுமைசாலி. நெஞ்சில் பூசின பசையைத் துடைக்கத் துணி கொடுத்துவிட்டு, திரையைத் திருப்பி இருவருக்கும் காட்டினாள்.

"ரத்தம் ஒரே பக்கமாப் போகணும்னு இதயத்துக்குள்ள நாலு கதவு இருக்கு. இது இடது பக்கத்துக் கதவு. பாருங்க, திறக்குது, மூடுது. மூடும்போது ஓரத்துல ஒரு மயிரிழை இடுக்கு. ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சூண்டு ரத்தம் வந்த வழியே திரும்புது. இந்த நீலமாத் தெறிக்குது பாருங்க, அதான்."

"நம்ம மோட்டாருக்கு அடியில ஃபுட் வால்வு இருக்குமே டாக்டரம்மா," என்றான் கோட்டைச்சாமி, "ஏறுன தண்ணி கிணத்துக்கே திரும்பாமப் பிடிச்சுக்கிட்டு. அது மாதிரியா?"

"அதேதான். நீங்க எனக்கே பாடம் எடுப்பீங்க போல."

"அப்ப பிரஷர் கூடுனா லீக்கும் கூடும்."

"கூடலாம். அதுக்குத்தான் சொல்றேன், பிரஷரை ஏற விடக் கூடாது. உப்பைக் குறைங்க. ஊறுகாய், கருவாடு, அப்பளம் எல்லாத்தையும் குறைங்க. இதுல நாலு படி இருக்கு. ட்ரேஸ், மைல்டு, மாடரேட், சிவியர்னு சொல்லுவோம். உங்களுக்கு மைல்டு, லேசான கசிவு. ஊர்ல நூறு பேரைப் படுக்க வச்சுப் பார்த்தா பத்துப் பேருக்காவது இப்படி ஏதாவது இருக்கும், தெரியாமலே எண்பது வயசு வரைக்கும் இருப்பாங்க. இது அடைப்பு இல்ல, ஓட்டை இல்ல. மருந்து வேணாம், ஆபரேஷன் வேணாம். நடக்கையில மூச்சு வாங்குனாலோ, கால் வீங்குனாலோ, படபடன்னு அடிச்சாலோ உடனே வாங்க. இல்லேன்னா ஒரு வருஷம் கழிச்சு ஒருக்காப் பார்த்துக்குவோம்."

முத்திருளாயி ரவிக்கைக் கொக்கியைப் போட்டுக்கொண்டே, "செத்துருவனா?" என்று கேட்டாள்.

"எல்லாரும் ஒரு நாள் போறவங்கதான். நீங்க இதால போக மாட்டீங்க," என்று டாக்டர் சபுரா சிரித்தாள். அந்தச் சிரிப்பை முத்திருளாயி மடியில் முடிந்துகொண்டாள்.

பஸ்ஸில் வரும்போதே இடது மார்புக்குக் கீழே ரவிக்கை நனைந்தது. ஆஸ்பத்திரியில் பூசின பசை என்று முதலில் நினைத்தாள். ஊர் விலக்கில் இறங்கியபோது முந்தானையும் நனைந்து சொட்டியது. வீட்டுக்கு வந்து துண்டால் துடைத்தால் தோலில் காயமில்லை, கீறலில்லை. விலா எலும்புக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு வியர்வை அரும்புகிறாற்போல நீர் அரும்பி, துடிப்புக்கு ஒரு சொட்டாகச் சேர்ந்து இறங்கியது. துண்டை ஒரு டம்ளரில் பிழிந்தார்கள். கோட்டைச்சாமி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான், முகர்ந்தான், தொழில்காரன் செய்கிறபடி நாக்கு நுனியில் ஒரு துளி வைத்துப் பார்த்தான்.

"நல்ல தண்ணி," என்றான்.

அதிசயம் நடந்தால் ஊர் வாய் பிளந்து நிற்கும் என்று நினைக்கிறவர்கள் பதினோரு நாள் தண்ணீர் இல்லாமல் இருந்து பார்த்ததில்லை. செவல்குடியின் ஆழ்துளைக் கிணறு எல்லாம் உப்பு. அதில் குளித்தால் தலைமுடி சிக்கு விழும், சோறு மஞ்சளாகும், பருப்பு எத்தனை விறகு வைத்தாலும் விரைத்துக்கொண்டு கிடக்கும். அடுத்த வீட்டுச் சிகப்பி, முத்திருளாயியை மதினி என்றும் கோட்டைச்சாமியை அண்ணன் என்றும் கூப்பிடுகிறவள், மறுநாள் சாயங்காலம் சாம்பார் வாசம் பிடித்து உள்ளே வந்து சட்டியை எட்டிப் பார்த்தாள். பருப்பு கரைந்திருந்தது. மத்துப் போடாமலே கரைந்திருந்தது.

"எந்தத் தண்ணி மதினி இது?"

முத்திருளாயி மறைக்கத் தெரியாதவள். முந்தானையை விலக்கிக் காட்டினாள். சிகப்பி கொஞ்ச நேரம் பார்த்தாள், விரலால் ஒரு சொட்டை வாங்கி உதட்டில் வைத்தாள். எப்படி வருகிறது, ஏன் வருகிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஒரு நாளைக்கு எம்புட்டு வரும்?" என்றாள்.

எம்புட்டு வரும் என்பதைக் கோட்டைச்சாமி அளந்து வைத்திருந்தான். நைந்த வேட்டித் துணியைத் திரியாக முறுக்கி ரவிக்கைக்கு அடியில் செருகினால், தண்ணீர் திரி வழியே இறங்கிக் கீழே வைத்த வாளியில் சொட்டும். வீட்டுக்கு வண்ணம் அடித்தபோது மிஞ்சின அஞ்சு லிட்டர் பெயிண்ட் வாளி ஒரு பகலும் ஒரு இரவும் கழிந்தால் விளிம்பு வரைக்கும் நிறையும். அன்றைக்கு முதல் செம்பு சிகப்பியின் மகள் வயிற்றுப் பேத்திக்குப் போனது. ஏழு மாசக் குழந்தை. உப்புத் தண்ணீரில் குளித்துக் குளித்து உடம்பெல்லாம் சிரங்கு. வீரிட்டு அழுதால் நாலு வீட்டுக்குக் கேட்கும். நாலு நாள் அந்தத் தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்ததில் சிரங்கு காய்ந்து, குழந்தை முதல் முறையாகப் பகலில் தூங்கியது. முத்திருளாயி போய் அதன் தொடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, அடுப்படியில் உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதாள்.

அதற்குப் பிறகு ஊரைக் கேட்க வேண்டுமா? தெரு நாற்பத்து மூன்று வீடு; நாளைக்கு எட்டு வீடு, வீட்டுக்கு ஒரு செம்பு, ஆறு நாளைக்கு ஒரு முறை என்று ரேஷன் கடை வாசலில் கூடிப் பேசி முறை வைத்தார்கள். குழாய் பதினோரு நாளைக்கு ஒரு முறை என்பதால் இது மேல் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். கோயில் பூசாரி அபிஷேகத்துக்கு முதல் செம்பு வேண்டும் என்றார், பேறுகாலப் பெண்கள் இருக்கிற வீட்டுக்காரர்கள் அது எப்படி என்றார்கள், கடைசியில் சாமிக்கு வெள்ளிக்கிழமை மட்டும் என்று முடிவானது. ஊராட்சிச் செயலாளர் முறைப்படி ஒன்றிய அலுவலகத்துக்குக் கடிதம் எழுத, அங்கிருந்து புதிய நீராதாரம் கிணறா, ஆழ்துளையா, ஊருணியா என்று கேட்டுப் படிவம் வந்தது. அவர் ரொம்ப யோசித்து 'இதர' என்ற கட்டத்தில் டிக் அடித்து அனுப்பினார். காசுக்குத் தண்ணீர் விற்கிற டேங்கர் லாரிக்காரன் மட்டும் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்து, பிறகு தன் வீட்டுக்கும் ஒரு முறை கேட்டு வந்தான்.

வைகாசியில், பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில், முத்திருளாயி அடுப்பில் நிற்கக் கூடாது என்று தெரு சொன்னது. "கரியிலயும் புகையிலயும் நின்னு உங்க நெஞ்சுக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா?" என்று அக்கறையாகத்தான் சொன்னார்கள். வேறொருத்தி சமைக்கப் போனாள். முத்திருளாயியை வாசலில் வேப்பமரத்து நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, காலடியில் வாளியை வைத்தார்கள். சொட், சொட் என்று அவள் துடிப்பு வாளியில் விழுகிற சத்தம் தெருவுக்கே கேட்டது. அவள் பயந்தால் தெருவுக்குத் தெரிந்தது, கண்ணயர்ந்தால் தெருவுக்குத் தெரிந்தது. மத்தியானம் பள்ளிக்கூடத்து மணி அடிக்கும்போது, முட்டை உரிக்க யார் இருக்கிறார்களோ, அந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளை மஞ்சள் கரு தின்னாதே, அதை யார் கவனிப்பார்களோ என்று அவள் கை பரபரத்தது. நாற்காலியை விட்டு எழுந்தால் நாலு பேர், "என்ன வேணும், நாங்க எடுத்துத் தர்றோம்," என்று ஓடி வந்தார்கள்.

இதற்குள் டாக்டர் சபுரா சொன்ன நாலு வார்த்தையும் தெருவில் பழகிப் போயிருந்தன. கோட்டைச்சாமிதான் சொன்னான், பெருமையாகத்தான் சொன்னான். இருபத்திரண்டு வருஷம் ஏச்சு வாங்கின மனுஷன், இப்போது டீக்கடைக்குப் போனால் பெஞ்சில் இடம் விட்டார்கள், ஆபரேட்டர் என்று கூப்பிட்டவர்கள் அண்ணாச்சி என்றார்கள். நாலு படியையும் விரல் விட்டுச் சொல்லி, உப்பு ஆகாது என்றதையும் சொல்லி, தன் வீட்டுக்காரி இரண்டாம் படி என்று அவன் விளக்கியபோது, பெஞ்சில் இருந்த ஒருவர் டீயை ஆற்றிக்கொண்டே, "மைல்டுக்கே அஞ்சு லிட்டர்னா..." என்றார். மீதியைச் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாதி வாக்கியம் வீடு வீடாகப் போய்விட்டது.

அதற்கப்புறம்தான் துக்கம் சொல்கிற வழக்கம் வந்தது. ஆனி மாசம் நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ரோட்டைக் கடக்கும்போது லாரியில் அடிபட்டுச் செத்துப்போனது. முத்திருளாயி கையால் சோறு வாங்கித் தின்ற பிள்ளை. செய்தி கேட்டு அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுத அன்று, சொட்டு ஓட்டமாக ஓடி, வாளி பொழுது சாய்வதற்குள் நிறைந்து, இரண்டாவதாக ஒரு சட்டி வைக்க வேண்டி வந்தது. தெரு அதைப் பார்த்தது. மறுவாரத்திலிருந்து, செம்போடு வருகிற ஒவ்வொருத்தியும் முதலில் முத்திருளாயிக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு துக்கம் சொன்னாள், பிறகுதான் செம்பைக் கீழே வைத்தாள். இப்படிச் செய்யுங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. தாலி அறுத்த கதை, கர்ப்பம் கலைந்த கதை, துபாய்க்குப் போனவன் குரலே வராத கதை என்று முதலில் வந்ததெல்லாம் நிஜத் துக்கம். நாற்பத்து மூன்று வீட்டுத் துக்கமும் தீர்ந்த பிறகு பக்கத்து ஊர்த் துக்கத்தைக் கடன் வாங்கிக்கொண்டு வந்தார்கள். அதுவும் தீர்ந்தபோது டிவி சீரியலில் நடந்ததைப் பேர் மாற்றிச் சொன்னார்கள். முத்திருளாயிக்கு அது தெரியும். தெரிந்தும் அழுதாள், ஏனென்றால் சொல்கிறவளின் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

அழுது அழுது ஒரு நாள் அவளுக்குப் பயம் பிடித்தது. நடக்கையில் மூச்சு வாங்கினால் வா என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து, வாசலுக்கும் புறக்கடைக்கும் நடந்து பார்த்துக்கொண்டாள். கணுக்காலை விரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்த்துக்கொண்டாள். விழவில்லை. மைல்டு, மைல்டு என்று சாமி பேரைச் சொல்கிறாற்போலத் தனக்குள் சொல்லிக்கொண்டாள். அவளுக்கு ஊருக்குத் தண்ணீர் கொடுக்க மனசு இல்லாமல் இல்லை. அஞ்சு லிட்டரைச் சந்தோஷமாகக் கொடுத்தாள். ஆனால் சாகப் பிரியமில்லை. அதைச் சத்தமாகச் சொல்லத்தான் வெட்கமாக இருந்தது.

ஆகவே ஒரு தந்திரம் கண்டுபிடித்தாள். எதிரே ஒருத்தி துக்கத்தை ஆரம்பித்ததும், முத்திருளாயி முகத்தை இளக்கமாக வைத்துக்கொண்டு, மனசுக்குள் சத்துணவு முட்டையை உரிக்கத் தொடங்கினாள். வெந்த முட்டையைத் தட்டில் உருட்டி, ஓட்டில் விரிசல் விழ வைத்து, சவ்வோடு சேர்த்து ஒரே சுற்றில் உரித்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று நூற்றுப் பன்னிரண்டு வரைக்கும் போனாள். அதற்குள் கதை முடிந்துவிடும். சொட்டு அதன் போக்கில் விழுந்துகொண்டிருக்கும். வந்தவள் வாளியை எட்டிப் பார்த்து, செம்பை எடுத்துக்கொண்டு, முகம் வாடிப் போவாள்.

துக்கம் பலிக்கவில்லை என்றதும் பண்டம் வர ஆரம்பித்தது. முதலில் கொய்யாப்பழம் கொண்டுவந்தவர்கள் இப்போது நெத்திலிக் கருவாடு கொண்டுவந்தார்கள், மாவடு கொண்டுவந்தார்கள், நாரத்தங்காய் ஊறுகாய், மோர் மிளகாய், உப்புக்கண்டம், கூழ்வற்றல். சிகப்பி ஒரு பீங்கான் சாடி நிறைய எலுமிச்சை ஊறுகாய் கொண்டுவந்து வைத்து, "நாக்கு செத்துப் போயிருக்கும் மதினி, தொட்டுக்கிருங்க," என்றாள். சொல்லும்போது அவள் முத்திருளாயியின் முகத்தைப் பார்க்கவில்லை. முத்திருளாயி எல்லாவற்றையும் இரண்டு கையாலும் வாங்கி, நல்லாயிருங்க என்று சொல்லி, கருவாட்டைப் பூனைக்குப் போட்டாள், ஊறுகாயைப் புறக்கடையில் குழி தோண்டிப் புதைத்தாள்.

புதைக்க முடியாதது ஒன்று இருந்தது. அது கோட்டைச்சாமி வைக்கிற குழம்பு.

அவள் அடுப்பை விட்டதிலிருந்து வீட்டில் அவன்தான் சமைத்தான். நூற்றுப் பன்னிரண்டு பேர் உலைக்கு உப்புப் போட்ட கை அவளுடையது. கொதிக்கிற வாசத்திலேயே உப்புக் கூடக் குறைய சொல்லிவிடுவாள். ஆடி மாசத்தில் ஒரு நாள் மொச்சைக் குழம்பை வாயில் வைத்ததும் நாக்கு நின்றது. அசிரத்தை என்று நினைத்தாள். மறுநாளும் அப்படியே இருந்தது. அவள் குழம்பைக் குறைத்துக்கொண்டு சோற்றை அதிகமாகத் தின்ன ஆரம்பித்தாள். பத்து நாள் கழித்துச் சோற்றிலும் உப்பு ஏறியிருந்தது. அவன் எதிரே உட்கார்ந்து, அவள் கடைசிப் பருக்கை வரைக்கும் தின்கிறாளா என்று பார்த்தான். கேட்டிருக்கலாம். கேட்டால் அவன் ஏதாவது பதில் சொல்வான், சொன்ன பிறகு அது இந்த வீட்டுக்குள் என்றைக்கும் இருக்கும். அந்தப் பதிலோடு ஒரே கூரைக்குக் கீழே எப்படி இருப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆகவே தின்றாள். முடிந்தபோது மோரை ஊற்றிக் கரைத்து உப்பைக் குறைத்துக்கொண்டாள். சொட்டுக்கும் ஒரு பிடிவாதம் இருந்தது. வாளி விளிம்பைத் தாண்டவே இல்லை.

வருஷம் திரும்பியது. எக்கோவுக்குப் போகிற நாளன்று தெருவே கிளம்பிவிட்டது. இரண்டு வேன். கோயிலில் தேங்காய் உடைத்து, நெற்றியில் திருநீறு பூசி அனுப்பிவைத்த பூசாரியும் கடைசியில் ஏறிக்கொண்டார். சிகப்பி பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தாள். இடது பக்கம் உட்கார்ந்த முத்திருளாயியின் காலடியில், வழியில் எதுவும் வீணாகாதபடி, வாளியும் வந்தது.

டாக்டர் சபுரா நனைந்த விலாவைத் துடைத்துவிட்டுப் பசை பூசினாள். நிறைய உடம்புகளைப் பார்த்தவள். தண்ணீரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. திரையை ரொம்ப நேரம் பார்த்தாள். அந்த நேரமெல்லாம் முத்திருளாயி முட்டை உரித்தாள்.

"நல்ல சேதி," என்றாள் டாக்டர். "துளிகூட மாறல. அதே லேசான கசிவுதான், இதயம் பெருசாகல, நல்லா அமுக்குது. இனிமே மூணு வருஷம் கழிச்சு வந்தாப் போதும். ஆனா பிரஷர் மட்டும் ஏறியிருக்கு, நூத்தி அறுபது. இது இப்படியே போனாக் கதவுக்கு நல்லதில்ல. உப்பைக் குறைக்கச் சொன்னேனே?"

முத்திருளாயி கோட்டைச்சாமியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் திரையில் தெறிக்கிற அந்தச் சின்ன நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"குறைச்சாச்சு டாக்டரம்மா," என்றான்.

டாக்டர் பிரஷருக்கு மாத்திரை எழுதித் தந்தாள். மருந்து கொடுக்கிற ஜன்னலுக்குப் போன கோட்டைச்சாமி வெறுங்கையோடு திரும்பி வந்து, "கூட்டமாக் கெடக்கு, அடுத்த வாரம் நான் வந்து வாங்கிக்கிர்றேன்," என்றான். முத்திருளாயி அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். ஜன்னலுக்கு முன்னால் ஒரு கிழவரும் ஒரு பெண்ணும்தான் நின்றார்கள்.

வெளியே புங்கமரத்தடியில் நாற்பத்து மூன்று வீடும் எழுந்து நின்றது.

"அப்படியேதான் இருக்காம். கூடலையாம்," என்றாள் முத்திருளாயி. அவளுக்கே தெரியாமல் குரலில் ஒரு சிரிப்பு இருந்தது. நாலு முகத்தில், வேண்டாம், ஒரு முகத்திலாவது அந்தச் சிரிப்பு ஒட்டுகிறதா என்று ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே போனாள். பூசாரி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பெஞ்சில் டீ ஆற்றினவர் செருப்பைப் பார்த்தார். யாரோ ஒருத்தி பின்னால் மூக்கைச் சிந்தினாள். சிகப்பி முன்னால் வந்து, குழந்தையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் முத்திருளாயியின் கையைப் பற்றிக்கொண்டாள்.

"மனசை விட்றாதீக மதினி," என்றாள். நிஜமான பிரியத்தோடு சொன்னாள். "இந்தத் தடவை இல்லேன்னா அடுத்த தடவை."

அப்புறம் ஒவ்வொருவராக வந்து கையைத் தொட்டு ஆறுதல் சொன்னார்கள். ஊர் வந்து இறங்கியதும், சாவு வீட்டுக்குப் போய்த் திரும்பினவர்களாக யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கலைந்து போனார்கள். தண்ணீர் இருந்திருந்தால் தலைமுழுகியிருப்பார்கள்.

கோட்டைச்சாமி நேரே அடுப்படிக்குப் போய்ச் சோறு வடித்தான், கத்தரிக்காய்க் குழம்பு வைத்தான். அவள் கூடத்தில் நாற்காலியில் வாளியோடு உட்கார்ந்திருந்தாள். தட்டைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்துவிட்டு, வழக்கம்போல எதிரே தரையில் உட்கார்ந்தான். அவள் ஒரு வாய் எடுத்து வைத்தாள். தொண்டை வரைக்கும் கரித்தது. விழுங்கிவிட்டுத் தட்டைத் தரையில் இறக்கி வைத்தாள்.

"எத்தனை நாளா?" என்றாள்.

"என்னது?"

"உப்பு."

அவன் மறுக்கவில்லை. மறுப்பான் என்று அவள் எவ்வளவு எதிர்பார்த்திருந்தாள் என்பது அவன் மறுக்காதபோதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"ஆடியில இருந்து," என்றான். "ஒரு சிட்டிகைதான் தாயி. போடுறதுக்கு மேல ஒரு சிட்டிகை, அம்புட்டுதான். நீ ரெண்டாம் படிதான, ஒரே ஒரு படி ஏறுனா ஒண்ணும் ஆயிறாதுன்னு நெனச்சேன். சிகப்பி பேத்திக்கு ஒடம்பெல்லாம் ஆறிப்போனதைப் பாத்தேல்ல? இந்த ஊர்ல இன்னும் எத்தனை பச்சப்புள்ள இருக்கு. இருபத்திரெண்டு வருசமா வால்வைத் திறக்குறேன், காத்துதான் வந்துச்சு. ஒரு நாளாவது தண்ணி வந்துராதான்னு..."

"நான் செத்துப் போனா?"

அவன் முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவள் ஒரு முறைகூடக் கேட்டிராத குரலில் அழுதான். "நீ போயிட்டா எனக்கு யாரு இருக்கா, எனக்கு யாரு இருக்கா," என்று தோள் குலுங்கக் குலுங்க அழுதான். அது பொய்யில்லை. அவனுக்கு அவளை விட்டால் ஒருவருமில்லை என்பது அவளுக்குத் தெரியாதா? பொய்யாக இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவனை வாரி எடுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது, தட்டை அவன் தலையில் கவிழ்க்கலாம் போலவும் இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு முட்டை உரிக்கத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. பதினேழாவது முட்டையில் எண்ணிக்கை தவறியது.

சொட்டு வேகமெடுத்தது. நின்று நின்று விழுந்தது தொடர்ந்து விழுந்து, தொடர்ந்து விழுந்தது மெல்லிய நூலாக இறங்கியது. அவள் உடம்பு நடுங்கியதில் திரி விலகி, தண்ணீர் வாளியின் விளிம்பில் பட்டுப் பாதி வெளியே தெறித்துத் தரையில் ஓடியது. அவள் கண்ணைத் திறந்தாள். கோட்டைச்சாமி இன்னும் முகத்தைப் பொத்திக்கொண்டுதான் இருந்தான், இன்னும் அழுதுகொண்டுதான் இருந்தான். அழுதபடியே அவன் வலது காலை நீட்டி, பெருவிரலால் வாளியை ஒரு ஜாண் நகர்த்தி, தண்ணீர் விழுகிற இடத்துக்கு நேராக வைத்தான்.

தண்ணீர் வாளிக்குள் விழ ஆரம்பித்த பிறகும், அது மறுபடி விலகிவிடாமல், அந்தக் கால் வாளியை அணைத்துக்கொண்டே இருந்தது. முத்திருளாயி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.